சென்னை மாநகராட்சி மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்: பிட்டி தியாகராயரின் உள்ளாட்சி வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

பிட்டி தியாகராயர் (1852–1925) நீதிக்கட்சியின் நிறுவனருள் ஒருவராகவே பெரிதும் அறியப்படுகிறார். 1882 முதல் 1922 வரை சென்னை மாநகராட்சி மன்றத்தில் அவர் ஆற்றிய பணி, அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஒரு பத்தியளவில் முடிந்துவிடுகிறது. குடிநீர், வடிகால், வரி, பள்ளி ஆகிய அன்றாட மன்ற அலுவல்களில் அவர் பெற்ற பயிற்சியே பிற்கால அரசியலுக்கு அடித்தளமாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நெசவுத் தொழிலோடு அவர் கொண்டிருந்த உறவும், அவருடைய உள்ளாட்சிப் பார்வையின் எல்லைகளும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சி, உள்ளாட்சி, நெசவாளர், மதிய உணவு, நீதிக்கட்சி

முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி பட்டு நெசவால் பெயர் பெற்ற நகரம். சேவூர், தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் தறியோசை கேட்கும். இந்நகர மக்கள் நகராட்சியிடம் எடுத்துச் செல்லும் குறைகள் பிற ஊர்களின் குறைகளைப் போன்றவையே: கால்வாய் அடைப்பு, குடிநீர், தெருவிளக்கு, வரி. ஆயினும் நெசவாளர் வீட்டில் இவற்றின் பொருள் சற்று வேறுபடும். குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் கால்கள் நிலமட்டத்திற்குக் கீழே இருக்கின்றன. தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் ஊறுமிடம் தறிக்குழிதான். குழி ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். பாவு விரிப்பதற்கும் நீண்ட தெரு வேண்டும். விடியற்காலையில் வண்டிப் போக்கு தொடங்குமுன் தெருவே தொழிற்களமாக இருந்த காலம் நெசவூர்கள் எல்லாவற்றிலும் உண்டு. சேலம், கோவைப் பகுதிகளில் பாவடி என்ற பெயரில் இதற்கெனத் தனி நிலமே விடப்பட்டிருந்தது. ஆக, நெசவாளருக்கு வீடு, தொழிற்கூடம், தெரு மூன்றும் ஒன்றோடொன்று தொடர்ந்தவை. அவற்றை ஆள்வது நகர மன்றம்.

இத்தகைய ஊரிலிருந்து நோக்கும்போது, நெசவுக் குடியிற் பிறந்து தமிழகத்தின் முதன்மையான நகர மன்றத்தில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒருவரின் வாழ்வு தனிக் கவனத்திற்கு உரியதாகிறது. தியாகராயரின் வாழ்க்கையைச் சொல்வோர் பெரும்பாலும் 1916ஆம் ஆண்டிலிருந்து கதையைத் தொடங்குகின்றனர். அப்போது அவருக்கு வயது 64. அதற்கு முந்தைய 34 ஆண்டு மன்ற வாழ்வு, அரசியல் தொடங்கும்வரை காத்திருந்த காலம் போலவே அக்கதையில் தோன்றுகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வடசென்னையும் தறிகளும்

தியாகராயர் 1852 ஏப்ரல் 27ஆம் நாள் தேவாங்கர் குலத்தில் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நெசவுக் குலம் அது. குடும்பத்தினர் நெசவோடு தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்பு ஆகிய தொழில்களையும் நடத்தினர். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்பட்டம் பெற்றோர் பெரும்பாலும் அரசுப் பணியையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடினர். தியாகராயர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். இத்திரும்புதலை அவர் வாழ்வின் முதல் தெரிவாகக் கொள்ளலாம். பின்னாளில் மன்றத்தில் அவர் யாருக்கும் கடமைப்படாமல் பேச முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டைப் பகுதியின் பெயரே துணித்தொழிலோடு பிணைந்தது; கிழக்கிந்தியக் கம்பெனியார்க்குத் துணி வெளுத்தோர் குடியிருந்த பேட்டை அது. சிந்தாதிரிப்பேட்டையும் 1734இல் நூற்போர், நெய்வோர் முதலியோரைக் குடியேற்ற அமைக்கப்பட்டதே. நகரின் வளர்ச்சியில் இத்தொழிற்பேட்டைகள் பெரும் பங்கு கொண்டவை. ஆனால் நகரத்தின் ஆட்சி கோட்டையிலும், பின்னர்த் தெற்கே மயிலாப்பூரின் வழக்கறிஞர் வட்டத்திலும் குவிந்தது. வடசென்னைத் தொழிலாளரும் வணிகரும் வரி செலுத்துவோராகவே பெரும்பாலும் கணக்கில் வந்தனர்.

தியாகராயர் ஏறத்தாழ நூறு தறிகள் கொண்ட நெசவுக் கூடம் ஒன்றை அமைத்தார். பிட்டி என்னும் குடும்பப் பெயராலேயே அது பிட்டி நெசவாலை என்று அழைக்கப்பட்டது. கையால் நாடாவைத் தள்ளி எறியும் பழைய முறையில், துணியின் அகலம் நெய்பவரின் கைவீச்சுக்கு அடங்கியதாக இருக்கும். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடா முறையில் வேகமும் கூடும், அகலமும் கூடும். கைத்தறியைக் கைவிடாமல் அதன் திறனை உயர்த்தலாம் என்பதற்கு விசைநாடா வழிகாட்டியது. அதைப் பரப்புவதில் தியாகராயர் ஆர்வம் காட்டினார். 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். ஐரோப்பிய வணிகர்க்குத் தனிச் சபையும் அதன்வழி அரசிடம் செல்வாக்கும் இருந்த நாளில், இந்திய வணிகர் தமக்கென அமைத்துக்கொண்ட மன்றம் அது.

மன்றத்தில் நுழைவு

1882ஆம் ஆண்டு தியாகராயர் சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளாட்சி மன்றங்கள் மக்களுக்கு அரசியற் பயிற்சி தரும் களங்களாக வேண்டும், அவற்றில் அரசு அலுவலர் அல்லாதார் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பன அத்தீர்மானத்தின் சாரம். 1688இல் தொடங்கப்பெற்ற சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. ஆயினும் இரு நூற்றாண்டளவும் அதன் அதிகாரம் அரசு நியமித்தவர் கையிலேயே இருந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் 32 உறுப்பினருள் 24 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாக்குரிமையோ குறிப்பிட்ட அளவு வரி செலுத்தியவருக்கே உண்டு. குடிசையில் தறி வைத்திருந்தவர் அந்த எல்லைக்கு வெளியே நின்றார்.

மன்றத்தின் அன்றாட அலுவல் எத்தகையது? வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கணித்து அதன்மேல் சொத்துவரி விதிப்பது. குடிநீர்க்கும் விளக்குக்கும் வடிகாலுக்கும் வரி வகுப்பது. ஒப்பந்தங்களை ஏற்பது அல்லது மறுப்பது. தொழுவம், தோற்கூடம், சந்தை ஆகியவற்றிற்கு உரிமம் தருவது. பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது. படிப்பதற்குச் சலிப்பூட்டும் அலுவல்கள்தாம். மன்ற நடவடிக்கைகளில் ஈடுபாடு கொண்டோர் சிலரே என்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தெருவின் வாடகை மதிப்பை எவ்வளவு என்று வைப்பது, புதிய குழாய் எந்தப் பேட்டையில் முதலில் இறங்குவது என்னும் முடிவுகளில்தான் அதிகாரம் யார் பக்கம் சாய்கிறது என்பது வெளிப்படும். வீடே தொழிற்கூடமாக உள்ள பேட்டையில் சொத்துவரி என்பது குடியிருப்பின் மீதும் பிழைப்பின் மீதும் ஒரே நேரத்தில் விழும் வரி.

தியாகராயர் மன்றத்தில் இருந்த காலம் சென்னையின் நீர், வடிகால் அமைப்புகள் உருமாறிய காலமுமாகும். செங்குன்றம் ஏரி நீர் 1872 முதல் நகருக்கு வந்துகொண்டிருந்தது. திறந்த கால்வாயில் வந்து வடிகட்டப்படாமல் குழாயில் ஏறிய அந்நீரைப் பற்றிய முறையீடுகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் தொடங்கப்பட்ட பின்னரே நிலைமை சீர்பெறத் தொடங்கியது. பெருஞ்செலவுத் திட்டங்கள் வரும்போதெல்லாம் இரண்டு வினாக்கள் எழும்: கடனை யார் அடைப்பது, பயன் முதலில் யாருக்கு? முப்பது ஆண்டுகள் இவ்விரு வினாக்களோடு பழகியவர், பின்னாளில் மாகாணப் பணிகளில் யாருக்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியது இயல்பான வளர்ச்சியே. 1916 டிசம்பரில் அவர் பெயரால் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை எண்ணிக்கைகளை அடுக்கி வாதிடும் முறையை, வரவுசெலவுக் கூட்டங்களில் வாதிட்டுப் பழகிய ஒருவரின் முறையாகவே இக்கட்டுரையாளர் காண்கிறார்.

குளமும் இரு தலைவர்களும்

தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் இணைந்து கட்சி கண்டவர்கள் என்பது யாவரும் அறிந்தது. அவ்விருவரும் அதற்குமுன் மாநகராட்சி மன்றத்தில் கடுமையாக மோதிக்கொண்டவர்கள் என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. நாயர் 1904 முதல் மன்றத்தில் திருவல்லிக்கேணியின் சார்பாளராக இருந்தார். மோதலுக்குக் காரணம் அப்பகுதியின் பார்த்தசாரதி கோயில் குளம். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நாயர் நகராட்சிச் சிக்கல்களைச் சுகாதார நோக்கில் பார்ப்பவர். தியாகராயர் கோயிற் பணிகளுக்கு வாரி வழங்கிய சமயப் பற்றாளர். குளத்தைப் பற்றிய விவாதத்தில் இருவரும் எதிரெதிர் நின்றனர். மனவேறுபாடு முற்றி நாயர் தம் உறுப்பினர் பதவியையே துறந்தார்.

ஒரு குளத்திற்காகவா இவ்வளவு என்று இன்று கேட்கத் தோன்றலாம். கோயிற் குளம் யாருடையது என்னும் வினா தமிழக நகராட்சிகள் எல்லாவற்றிலும் அன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. வழிபடுவோர்க்கு அது தீர்த்தம். நகராட்சி மருத்துவ அலுவலர்க்கு அது தேங்கிய நீர். இவ்விரு நோக்குகளும் மன்றத்தில் ஒரே மேசைமீது வந்து மோதின. பின்னர் டாக்டர் சி. நடேசனார் முயன்று இருவரையும் ஒருங்கு கொண்டுவந்தார். இணைப்பு நிகழ்ந்தபின் பழைய மோதலை வரலாற்றிலிருந்து மெல்ல நீக்கிவிடுவது கட்சி வரலாறுகளின் வழக்கம். ஆனால் ஒருவர் மற்றவரின் வாதத் திறனையும் பிடிவாதத்தையும் அளந்தறிந்தது அக்குளத்தங்கரையில்தான்.

கட்சியும் மன்றமும்

தியாகராயர் காங்கிரசிலிருந்து விலகி வகுப்புரிமை அரசியலுக்கு வந்ததற்கு, மயிலாப்பூர்க் கோயில் குடமுழுக்கு ஒன்றில் பெருந்தொகை வழங்கியும் அவர் மதிக்கப்படவில்லை என்னும் நிகழ்ச்சியைக் காரணமாகக் காட்டுவது பெருவழக்கு. நிகழ்ச்சி அவர் மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம். ஆயினும் ஒரு நாள் அவமதிப்பைக் கொண்டு ஓர் இயக்கத்தின் தோற்றத்தை விளக்குவது வரலாற்றை மேடைக் கதையாக்கிவிடும். 1916ஆம் ஆண்டுத் தேர்தல்களில் நாயரும் தியாகராயரும் தோல்வி கண்டனர். வரியும் தொழிலும் ஒரு பக்கமும், வாக்கும் பதவியும் மறுபக்கமும் இருக்கும் நிலையை மன்றத்தில் நெடுங்காலம் கண்டவர்க்கு அத்தோல்வி ஒரு கணக்கின் விடையாகவே தோன்றியிருக்க வேண்டும். 1916 நவம்பர் 20ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவானது.

அக்காலத் தமிழக அரசியலில் நகராட்சியின் இடத்தைப் பொதுவாகவும் நோக்க வேண்டும். ராஜாஜி 1917 முதல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே ஆண்டுகளில் ஈ.வெ.ரா. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். பின்னர் மூன்று வேறு திசைகளில் சென்ற மூவரும் குழாய்நீர், சாக்கடை, வரி என்னும் ஒரே பாடத்தைப் பயின்றவர்கள்.

1919ஆம் ஆண்டுச் சென்னை நகராட்சிச் சட்டம் மன்றத்தின் அமைப்பை மாற்றியது. உறுப்பினர் தொகை 50 ஆயிற்று. நிர்வாகப் பொறுப்பு அரசு நியமிக்கும் ஆணையரிடம் சென்றது. தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயர். மேயர் என்னும் பெயர் அப்பதவிக்கு 1933இல்தான் வந்தது.

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கட்சித் தலைவர் என்ற முறையில் ஆளுநர் வெலிங்டன் பிரபு முதலமைச்சர் பொறுப்பேற்க முதலில் அழைத்தது தியாகராயரையே. அவர் மறுத்தார், கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். இம்மறுப்பு அவருடைய தன்னலமின்மைக்குச் சான்றாகப் போற்றப்படுகிறது. அது உண்மையே. இன்னொன்றையும் சேர்த்துக் காண வேண்டும்: அவர் அமைச்சரவையை விட்டாரே அன்றி மாநகராட்சித் தலைமையை விடவில்லை. இரட்டையாட்சியில் நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. அமைச்சர்க்கு எஞ்சியது குறுகிய பரப்பு. தாம் அறிந்த தெருக்களை ஆளும் பதவி அவருக்கு மேலானதாகத் தோன்றியிருக்கலாம் என்பது என் துணிபு. 1922 சனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் அவர் தமது வழக்கமான வெண்ணிற உடையிலேயே வரவேற்றார் என்பர். வெள்ளுடை வேந்தர் என்ற பெயர் நிலைத்தது.

ஓரணா உணவு

தியாகராயர் தலைமையில் மன்றம் செய்த முடிவுகளுள் நெடிது வாழ்ந்தது, அன்றைய பொருள்நிரலில் மிகச் சிறியதாக இருந்திருக்கக்கூடிய ஒன்று. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் வருகை குறைவாக இருந்தது. அங்குப் பயின்றோர் ஏழைச் சிறுவர். பசியே அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் உணவு வழங்க 1920 செப்டம்பர் 16ஆம் நாள் மன்றம் ஒப்புதல் தந்தது.

ஓரணா என்னும் வரம்பு கருதத்தக்கது. அருளுணர்வு மட்டும் எழுதிய தீர்மானத்தில் அவ்வரம்பு இராது. வரவுசெலவை அறிந்தவர், எதிர்ப்போர் எங்கே பிடிப்பர் என்பதை அறிந்தவர் இட்ட வரம்பு அது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. அவற்றில் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1671 ஆயிற்று.

நெசவூரை அறிந்தவர்க்கு இத்திட்டத்தின் உட்பொருள் எளிதில் விளங்கும். கோர்வைச் சேலை நெய்கையில் கரைக்குரிய நாடாவைப் பிடிக்க நெய்பவர் அருகில் ஒரு துணை வேண்டும். அத்துணை நெடுங்காலம் வீட்டுச் சிறுவராகவே இருந்தனர். ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரங்களில் தறிகளில் இருந்த சிறுவரைப் பள்ளிக்குக் கொண்டுவருவது அண்மைக் காலம் வரை பெருஞ்சிக்கலாக இருந்தது. சிறுவன் தறியிலிருந்து எழுந்தால் வீட்டுக்கு இழப்பு இரண்டு: அவன் உழைப்பு ஒன்று, அவன் உண்ணும் உணவை அவ்வுழைப்பு ஈடுசெய்த கணக்கு மற்றொன்று. பள்ளி ஒருவேளை உணவு தந்தால் இரண்டாவது இழப்பேனும் நீங்கும். இந்த வீட்டுக் கணக்கு, நூறு தறிகளுக்கு உரியவர் அறியாததாக இருந்திருக்க முடியாது.

புளியந்தோப்பு

தியாகராயரின் உள்ளாட்சி வாழ்வைச் சொல்வோர் 1921ஆம் ஆண்டைக் கடந்து செல்ல இயலாது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் எழுந்த வேலைநிறுத்தம் அவ்வாண்டு மாதக்கணக்கில் நீடித்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் பிற தொழிலாளர்க்கும் இடையே பிளவு ஏற்பட்டு, புளியந்தோப்பில் தீவைப்பும் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் பக்கம் சாய்ந்ததென்று குறைகூறினர். தியாகராயரும் அக்குரலுக்கு உரியவரே. எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகியதற்கு இந்நிலைப்பாடு முக்கியமான காரணம்.

பேட்டைகளின் குறைகளை நாற்பதாண்டுகள் கேட்டவர், நகரின் மிகவும் ஒடுக்கப்பட்ட பேட்டையின் குரலை அந்நேரத்தில் கேட்கவில்லை. அவருடைய மன்றம் வரி செலுத்துவோர் மன்றமாகவே உருவானது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். காரணம் விளங்குவதால் குறை குறைந்துவிடாது. ஓரணா உணவையும் புளியந்தோப்பையும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தவையாகவே எழுத வேண்டும். முன்னதை மட்டும் எடுத்துரைப்பது வாழ்த்துரையாகும்.

இறுதி ஆண்டுகள்

1922இல் அவருடைய மன்ற வாழ்வு நிறைவுற்றது. கட்சித் தலைமை இறுதிவரை அவரிடமே இருந்தது. அவ்வாண்டுகளில் மாம்பலத்தை ஒட்டியிருந்த நீண்ட ஏரியின் படுகை தூர்க்கப்பட்டுப் புதிய குடியிருப்பு உருவாயிற்று. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் பயனாக எழுந்த அப்பகுதிக்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டனர். நடுவில் அமைந்த பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. இன்று தமிழகத்தின் பட்டுச் சேலை வணிகத்தில் பெரும்பங்கு அந்நகரின் கடைகளில் நடக்கிறது. ஆரணித் தறிகளில் இறங்கும் சேலைகளும் அங்கே செல்கின்றன. வணிகர் வாய்மொழியில் ஊர்ப்பெயர் தி.நகர் என்று சுருங்கிவிட்டதால், நெசவாளர் ஒருவரின் பெயரால் அமைந்த ஊருக்கே தம் சேலை போகிறது என்பது பலர்க்கும் தோன்றுவதில்லை.

மதிய உணவுச் செலவு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. அந்நிதியை இதற்குப் பயன்படுத்தலாகாது என்று அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் 1ஆம் நாள் திட்டம் நிறுத்தப்பட்டது. தணிக்கையாளர் நோக்கில் அது கணக்குத் தலைப்பு பற்றிய சிக்கல் மட்டுமே. அதே மாதம் 28ஆம் நாள், எழுபத்து மூன்றாம் வயது நிறைந்த மறுநாள், தியாகராயர் மறைந்தார். மன்றம் மீண்டும் மீண்டும் வேண்டியதன் பின்னர் 1927இல் உணவு மறுபடி வழங்கப்பட்டது. அப்போது 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர் உண்டனர்.